கிராக்கிங் புரிய வேண்டுமா? முதலில் ஹைட்ரஜனை எண்ணுங்கள்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பெரிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறைச் சிறு மூலக்கூறுகளாக உடைப்பதுதான் கிராக்கிங். புதிதாகப் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். மீதிப்பேர் வெப்பநிலை, அழுத்தம், வினைவேகமாற்றி என்று ஒரு அட்டவணையை உருப்போட்டு வைத்திருப்பார்கள், ஆனால் ஏன் இங்கே 850 டிகிரி, ஏன் அங்கே 530 என்று கேட்டால் பதில் வராது. சில வருடங்களாக இதைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பலன் தந்த வழி ஒன்றுதான்: உடையும்போது ஹைட்ரஜன் யாருக்குப் போகிறது என்று கணக்கு வையுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால் அட்டவணை தானாக மனதில் நிற்கும். ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதல் படி: காய்ச்சி வடித்தலையும் கிராக்கிங்கையும் பிரித்துப் பாருங்கள்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது எந்த மூலக்கூறும் உடைவதில்லை. ஏற்கெனவே கலந்து கிடப்பவை கொதிநிலைப்படி பிரிகின்றன, அவ்வளவுதான். மேலே வாயு, நாப்தா, அப்புறம் மண்ணெண்ணெய், டீசல், அடியில் கனமான எண்ணெய், கடைசியில் தார் போன்ற எச்சம். சிக்கல் என்னவென்றால், இயற்கை கொடுக்கும் விகிதமும் நமக்குத் தேவையான விகிதமும் ஒன்றல்ல. கனமானது அதிகமாகக் கிடைக்கிறது, லேசானதுதான் அதிகம் வேண்டியிருக்கிறது. பிரித்து எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது, பிணைப்பை உடைத்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிராக்கிங் எரித்தல் அல்ல. சூடாக்குவது உண்மைதான், ஆனால் எண்ணெய் இருக்கும் குழாய்க்குள் காற்று கிடையாது. ஆக்சிஜன் உள்ளே இருந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வந்துவிடும், நமக்கு வேண்டியது எதுவும் மிஞ்சாது.

இரண்டாம் படி: வெட்டுங்கள், எண்ணுங்கள்

இதில்தான் நிதானமாக உட்கார வேண்டும். டெக்கேனை எடுத்துக்கொள்வோம்: 10 கார்பன், 22 ஹைட்ரஜன். காகிதத்தில் பத்துப் புள்ளிகளை ஒரே வரிசையில் வைத்துக் கோட்டால் இணையுங்கள். நடுவிலுள்ள ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன், இரு முனையிலுள்ள கார்பன்களுக்கு மட்டும் மும்மூன்று. இப்போது எட்டாவது புள்ளிக்கும் ஒன்பதாவது புள்ளிக்கும் நடுவே வெட்டுங்கள். ஒரு பக்கம் 8 கார்பன், 17 ஹைட்ரஜன். மறுபக்கம் 2 கார்பன், 5 ஹைட்ரஜன். இரண்டுமே முழுமையடையாத துண்டுகள். வெட்டுப்பட்ட இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஒரு ஹைட்ரஜன் வேண்டும், ஆனால் தர வெளியே யாரும் இல்லை.

அப்படியானால் எப்படி முடியும்? ஒரு துண்டு மற்றதிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. பெரிய துண்டு 18 ஹைட்ரஜனோடு ஆக்டேன் ஆகிவிடுகிறது. ஒன்றை இழந்த சிறிய துண்டில் 4 ஹைட்ரஜன்தான் மீதி, எனவே அதன் இரண்டு கார்பன்களும் தங்களுக்குள் இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. அதுதான் எத்திலீன். ஆக்டேன் போல ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் உள்ளதை ஆல்கேன் என்றும், எத்திலீன் போல இரட்டைப் பிணைப்பு உள்ளதை ஆல்கீன் என்றும் சொல்வார்கள்.

டெக்கேன் → ஆக்டேன் + எத்திலீன்

18-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 22. கணக்கு நேர். தேர்வுத்தாளில் நான் அதிகம் பார்க்கும் தவறு, இரண்டு துண்டுகளையும் ஆல்கேனாக எழுதிவிடுவது. ஆக்டேனும் ஈத்தேனும் வேண்டுமென்றால் 18-உம் 6-உம் சேர்ந்து 24 ஹைட்ரஜன் வேண்டும், கையில் இருப்பதோ 22. இரண்டு ஹைட்ரஜனை எங்கிருந்து கொண்டுவருவது? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் அந்தத் தவறு மறுபடி வராது.

கொஞ்சம் பெரியதாகப் போவோம். ஹெக்சாடெக்கேனுக்கு 16 கார்பன், 34 ஹைட்ரஜன். நடுவில் ஒரே வெட்டு போட்டால் ஒரு ஆக்டேன், 8 கார்பன் உள்ள ஆல்கீனான ஒரு ஆக்டீன்: 18-உம் 16-உம். அந்த ஆக்டீன் பக்கத்தை மேலும் துண்டாக்கினால் ஒரு ஆக்டேன், நான்கு எத்திலீன்: 18-உம் நான்கு நான்காகப் பதினாறும், மறுபடியும் 34. கவனித்தீர்களா, நேர்ச்சங்கிலி ஆல்கேனில் எத்தனை வெட்டு போட்டாலும் வெட்டுக்கு ஒரு ஆல்கீன் வரும், ஆல்கேன் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். ஒரே மூலக்கூறு பல இடங்களில் உடையலாம் என்பதால் உண்மையான வினையில் ஒற்றை விளைபொருள் வருவதில்லை, கலவைதான் வரும். நாம் எழுதும் சமன்பாடு அந்தக் கலவையில் நடக்கும் ஒரு நிகழ்வு மட்டுமே.

இன்னும் ஒரு கணக்கு, இது கொஞ்சம் முக்கியம். ஒரு புரோப்பேனிலுள்ள 8 ஹைட்ரஜனையும் இரண்டு மீத்தேன்களே எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? ஹைட்ரஜனே இல்லாத ஒரு கார்பன். இதுதான் கோக், குழாய்ச் சுவரிலும் வினைவேகமாற்றி மீதும் கறுப்பாகப் படிகிற பொருள். சிறிய மூலக்கூறுகளுக்குக் கார்பனுக்கு இத்தனை என்ற விகிதத்தில் ஹைட்ரஜன் அதிகம் வேண்டும், மீத்தேனில் ஒன்றுக்கு நான்கு. ஒருவர் பங்குக்கு மேல் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். ஆல்கீன், கோக் இரண்டும் இந்தப் பற்றாக்குறையின் இரண்டு முகங்கள்.

மூன்றாம் படி: ஏன் இவ்வளவு சூடு?

கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 347 கிலோஜூல். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 413. சங்கிலி முதலில் கார்பன்களுக்கு இடையே முறிவதன் காரணம் இதுதான். மேலே போட்ட டெக்கேன் கணக்கில் இரண்டு ஒற்றைப் பிணைப்புகள் போய் ஒரு இரட்டைப் பிணைப்பு வந்திருக்கிறது, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கை மாறவே இல்லை. இரட்டைப் பிணைப்புக்குச் சுமார் 612 என்று வைத்தால், 694-லிருந்து 612 போக 82 கிலோஜூல் நாம் உள்ளே கொடுக்க வேண்டியது. எனவே இது வெப்பம் கொள்ளும் வினை. ஒரு மூலக்கூறு இரண்டாகும்போது ஒழுங்கின்மை கூடுகிறது, அதனால் வெப்பநிலை ஏற ஏற உடையும் பக்கமே சாதகமாகிறது. சூடு வேகத்துக்கு மட்டுமல்ல, வினை அந்தத் திசையில் போவதற்கே வேண்டும்.

நான்காம் படி: உடையும் விதம் இரண்டு

வெப்பத்தை மட்டும் நம்பினால் பிணைப்பு சரிபாதியாக முறியும், ஆளுக்கு ஒரு எலக்ட்ரான். இப்படி இணை சேராத எலக்ட்ரானோடு நிற்கும் துண்டைத் தனி உறுப்பு என்பார்கள். எலக்ட்ரான் தனியாக நிற்கும் முனைக் கார்பனுக்கு 1 என்று எண் கொடுங்கள், அடுத்தடுத்து 2, 3. இனி உடையப்போவது 1-க்கும் 2-க்கும் இடையிலுள்ள பிணைப்பு அல்ல, 2-க்கும் 3-க்கும் இடையிலுள்ளது. 1-உம் 2-உம் எத்திலீனாகக் கழன்றுபோகும், 3 புது முனையாகி அதே நிலையில் நிற்கும். மறுபடியும் இரண்டு கார்பன் கழலும். துணியில் தையல் ஒரு முனையில் விட்டுப்போனால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகுமே, அந்த மாதிரி. மிகுந்த சூட்டில் எத்திலீன் அள்ளிக் கொடுப்பதன் ரகசியம் இதுதான். இடையில் அந்தத் துண்டு பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கித் தான் அமைதியாகி, பக்கத்து மூலக்கூறைத் தனி உறுப்பாக மாற்றிவிடுவதும் உண்டு, அப்போது உடைப்பு அங்கே தொடரும்.

அமிலத்தன்மை உள்ள வினைவேகமாற்றி இருந்தால் கதையே வேறு. இங்கே உருவாவது நேர்மின்சுமை கொண்ட கார்பன் அயனி. இந்த மின்சுமைக்கு முனையில் இருக்கப் பிடிக்காது, சுற்றிலும் கார்பன்கள் உள்ள உட்பக்கக் கார்பனுக்கு நகரும், அதோடு சங்கிலியையும் கிளைவிடச் செய்யும். அதனால் எத்திலீன் குறைவு, 3 அல்லது 4 கார்பன் உள்ள ஆல்கீன்கள் அதிகம், கூடவே கிளைச்சங்கிலி மூலக்கூறுகள். கிளைச்சங்கிலி ஏன் வேண்டும் என்றால், பெட்ரோல் எஞ்சினில் அது தாறுமாறாக வெடித்துத் தட்டாமல் சீராக எரியும்: இந்தத் தட்டாத தன்மையை அளக்கும் ஆக்டேன் எண் அளவுகோலில் நேர்ச்சங்கிலியான ஹெப்டேனுக்கு 0, கிளைவிட்ட ஐசோஆக்டேனுக்கு 100. ஆக, வினைவேகமாற்றி வேலையை வேகப்படுத்துவதோடு நிற்காமல் பாதையையே மாற்றுகிறது. இதை விட்டுவிட்டு ஆலைகளைப் படித்தால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும்.

ஐந்தாம் படி: கண்ணால் ஒருமுறை பாருங்கள்

ஆய்வகத்தில், பொறுப்பாளர் பக்கத்தில் இருக்க, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யக்கூடிய சோதனை இது. வீட்டில் வேண்டாம், மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ வைத்துச் செய்துபார்க்கவே வேண்டாம்.

ஒரு பெரிய சோதனைக்குழாயின் அடியில் கனிமப் பஞ்சை வைத்து அதில் திரவப் பாரஃபினை (பெரிய ஆல்கேன்களின் கலவை) ஊறவிடுங்கள், 2 மில்லிலிட்டர் போதும். குழாயைக் கிடைமட்டமாகத் தாங்கியில் பொருத்துங்கள், நடுப்பகுதியில் உடைத்த பீங்கான் துண்டுகளையோ அலுமினியம் ஆக்சைடையோ பரப்புங்கள். வாயில் தக்கை, தக்கை வழியே ஒரு கண்ணாடிக் குழாய், அதன் மறுமுனை தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த சிறு சோதனைக்குழாயின் கீழே. முதலில் பீங்கானை நன்றாகச் சூடாக்குங்கள். அது நன்கு காய்ந்தபிறகு சுடரை அவ்வப்போது பஞ்சுப் பக்கம் காட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள். பாரஃபின் ஆவியாகிச் சூடான பீங்கானைக் கடக்கும்போது உடையும், தண்ணீரில் குமிழ்கள் ஒரே சீராக வரும். பஞ்சையே தொடர்ந்து சூடாக்கினால் உடையாத பாரஃபின்தான் ஆவியாகி வந்து குளிர்ந்து நிற்கும், பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் குழாயில் வருவது பெரும்பாலும் உள்ளே இருந்த காற்று, அதை ஒதுக்கிவிடுங்கள். அடுத்த குழாய்களில் பிடித்த வாயுவில் இரண்டு மூன்று சொட்டு நீர்த்த புரோமின் நீர் விட்டுத் தக்கை போட்டுக் குலுக்குங்கள். செம்மஞ்சள் நிறம் கண்ணெதிரே மங்கி, தண்ணீர் தெளிந்துவிடும். இரட்டைப் பிணைப்பு புரோமினைச் சேர்த்துக்கொண்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம், இதை மட்டும் காட்டி முடிக்காதீர்கள். தொடக்கத்தில் எடுத்த அதே பாரஃபினிலும் ஒருமுறை புரோமின் நீரைவிட்டுக் குலுக்கிப் பாருங்கள், நிறம் தண்ணீரைவிட்டுப் பாரஃபினுக்கு ஏறலாமே தவிர மறையாது. ஆல்கீன் முன்பே இருந்ததல்ல, உடைத்ததால் வந்தது என்று அப்போதுதான் நிரூபணம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. சூடாக்குவதை நிறுத்துவதற்கு முன் கண்ணாடிக் குழாயின் முனையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வாயு குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீர் மேலேறி, பழுக்கக் காய்ந்த குழாய்க்குள் பாயும். நான் படித்த காலத்தில் ஒரு நிமிடம் கவனம் சிதறியதில் இப்படி நடந்து, குழாய் சுற்றளவில் நேர்கோடு போட்டதுபோல் வெடித்தது. கண்ணாடி போட்டிருந்தோம், யாருக்கும் காயமில்லை. அன்றுமுதல் பர்னரைத் தொடும்போதெல்லாம் என் முதல் பார்வை தண்ணீர்த் தொட்டிமேல்தான்.

ஆறாம் படி: ஆலைகளை ஹைட்ரஜன் கணக்கோடு படியுங்கள்

வரலாறு சுருக்கமாக. 1891-இல் ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷுகோவ் வெப்பத்தால் உடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டனின் முறை 1913-இல் தொழிலுக்கு வந்தது, கார்களின் பெட்ரோல் தேவைதான் அதைத் தள்ளிக்கொண்டு போனது. வினைவேகமாற்றியைக் கொண்டு பெரிய அளவில் உடைத்துக் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் யூஜின் ஹூட்ரி, 1937-இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில். 1942-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் பொடியைப் பாயவிடும் முறை தொடங்கியது, இன்றைக்கும் அதன் வாரிசுகள்தான் ஓடுகின்றன.

நீராவிக் கிராக்கர். நோக்கம் எத்திலீன், கூடவே புரோப்பிலீன். ஈத்தேனையோ நாப்தாவையோ நீராவியோடு கலந்து உலைக்குள்ளிருக்கும் நீண்ட குழாய்களில் சுமார் 850 டிகிரி செல்சியஸில் அனுப்புகிறார்கள், உள்ளே தங்குவது ஒரு நொடியில் சிறு பங்கு. நீராவி இங்கே வினைபுரிய வரவில்லை. ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவைத்து, அவை மறுபடி கூடிக் கோக்காக மாறுவதைக் குறைக்கிறது. வெளியே வந்த உடனே குளிரவைக்க வேண்டும், தாமதித்தால் உண்டான எத்திலீனே மேலும் சிதையும். அப்படியும் கோக் படியத்தான் செய்யும், அவ்வப்போது உலையை நிறுத்தி நீராவியும் காற்றும் விட்டு அதை எரித்து எடுக்கிறார்கள்.

அடுத்தது பாய்ம வினைவேகமாற்றிக் கிராக்கிங், தொழிலில் இருப்பவர்கள் எஃப்சிசி என்றே சொல்வார்கள். எனக்கு இதில்தான் அலாதி ஈடுபாடு. வினைவேகமாற்றி இங்கே ஜியோலைட் என்ற நுண்துளைகள் நிறைந்த அமிலத்தன்மையுள்ள பொருள் கலந்த பொடி, ஒரு துகள் சராசரியாக 70 மைக்ரான் அளவு, மிக நுண்ணிய மணல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வாயு ஊதினால் அந்தப் பொடி தண்ணீர்போல ஓடும், குழாயில் இறங்கும், ஏறும். சுமார் 700 டிகிரியில் காய்ந்த பொடிமீது கனமான எண்ணெயைத் தெளிக்கிறார்கள். எண்ணெய் நொடியில் ஆவியாகிப் பொடியையும் தூக்கிக்கொண்டு உயரமான குழாயில் மேலேறுகிறது. இரண்டு மூன்று நொடிகளில் உச்சி, அங்கே வெப்பநிலை 530 அளவில். அதற்குள் உடைப்பு முடிந்துவிடும். ஆவி ஒரு பக்கம் பிரிந்து போகிறது, கோக் படிந்து கறுத்த பொடி இன்னொரு கலத்துக்கு இறங்குகிறது. அங்கே காற்றை ஊதிக் கோக்கை எரிக்கிறார்கள், பொடி சுத்தமாகி 700 டிகிரிக்குத் திரும்பிச் சுற்றுக்கு வருகிறது.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோலும் வாயுக்களும் தங்கள் பங்குக்கு மேல் ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டன, பற்றாக்குறை கோக்காகப் பொடிமேல் விழுந்தது. அந்தக் கோக் எரியும் சூடுதான் அடுத்த சுற்று எண்ணெயை ஆவியாக்குகிறது, உடைப்பதற்கான ஆற்றலையும் கொடுக்கிறது. கோக் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் சுற்று குளிர்ந்துவிடும். கோக் என்றாலே எதிரி என்று எழுதிவைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஹைட்ரோகிராக்கிங்கில் பற்றாக்குறைக்கே இடமில்லை, ஹைட்ரஜனை வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறார்கள். நம்முடைய ஹெக்சாடெக்கேனோடு ஒரே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்ந்தால் 36 ஆகிறது, இரண்டு முழு ஆக்டேன்கள், ஆல்கீனே இல்லை. எண்ணெயில் கலந்திருக்கும் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் நைட்ரஜன் அம்மோனியாவாகவும் வெளியேறிவிடும், அதனால் கிடைக்கும் டீசலும் விமான எரிபொருளும் சுத்தமானவை. 350 முதல் 430 டிகிரி போதும், ஆனால் அழுத்தம் நூறு, நூற்றைம்பது பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று போகும், ஹைட்ரஜன் தயாரிக்கவும் செலவு அதிகம். இன்னொரு சுவாரசியம்: உடைப்பது வெப்பம் கொள்ளும் வேலை என்றோம், ஆனால் ஹைட்ரஜன் சேரும்போது வெளிவரும் வெப்பம் அதைவிட அதிகம் என்பதால் இந்த உலை மொத்தத்தில் சூடேறிக்கொண்டே போகும், வினைவேகமாற்றி அடுக்குகளுக்கு இடையே குளிர்ந்த ஹைட்ரஜனை விட்டு அடக்க வேண்டியிருக்கிறது.

அடியில் தங்கும் தார் எச்சத்தை உடைக்கும் கோக்கர் அலகு நேர் எதிர்த் திசை. உலையில் 500 டிகிரி அளவுக்குக் காய்ச்சி உயரமான உருளைக் கலத்தில் விட்டுவிடுவார்கள், லேசானது ஆவியாகப் போகும், மிச்சம் கலத்துக்குள் கெட்டிக் கோக்காக உறையும். கலங்கள் இரண்டு, ஒன்று நிரம்பும்போது மற்றதில் உயரழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சிக் கோக்கை வெட்டி எடுப்பார்கள்.

ஆக, எந்த ஆலையின் வரைபடம் கைக்கு வந்தாலும் முதலில் தேடவேண்டியது இரண்டு: ஹைட்ரஜன் உள்ளே வரும் குழாய் இருக்கிறதா, கார்பன் தனியாக வெளியேறும் வழி இருக்கிறதா. முதலாவது இருந்தால் விளைபொருள் நிறைவுற்றதாக, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாததாக இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஆல்கீன்தான் விளைபொருள் என்று துணிந்து சொல்லலாம்.

பழகிக்கொள்ள இரண்டு கணக்கு தருகிறேன். டோடெக்கேனில் 12 கார்பன், 26 ஹைட்ரஜன். அது ஒரு ஹெக்சேனாகவும் புரோப்பீன்களாகவும் மட்டும் உடைந்தால் எத்தனை புரோப்பீன்? அடுத்து, ஈத்தேனில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன். சங்கிலியை வெட்டாமலே அதை எத்திலீனாக்கினால் கூட என்ன வரும்? முதலாவதற்கு விடை இரண்டு: 14-உம் பன்னிரண்டும் சேர்ந்து 26. இரண்டாவதில் 6-லிருந்து 4 போக இரண்டு ஹைட்ரஜன் மீதம், அவை ஒன்றுசேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாக வெளியே வரும்.